டைரக்ட் லைன்

"மேல ஏறிப் பாத்தா எவன் கட்டுனான்னு தெரிஞ்சிரும், ஆனா…" என்று என் மாமனார் சொல்வார். மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். கம்பத்து உச்சியில் பீங்கானோடு சேர்த்துக் கம்பியைக் கட்டியிருப்பார்கள் இல்லையா, அந்தக் கட்டைப் பார்த்தே இது இன்னான் வேலை என்று ஆளின் பெயரைச் சொல்லிவிடுவார். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு இன்னும் ஏதோ உண்டு. அது எனக்கு ஞாபகம் இல்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

உட்காருங்கள் சார். அந்தப் பெட்டியைப் பிரிக்க வேண்டாம், மடியிலேயே இருக்கட்டும். ஒன்பது இஞ்சு ஸ்கிரீன் வைத்த வண்டி ரேடியோ, ஆன்லைனில் வாங்கியது, இல்லையா? நல்ல சாமான்தான். ஆனால் நான் மாட்டித் தர மாட்டேன். ஏன் என்று கேட்டீர்கள். உங்கள் பேட்டரி சார்ஜ் ஏற இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். சங்கரன்கோவிலில் இந்த வெயிலில் நீங்கள் எங்கே போய் நிற்பீர்கள்? டீ சொல்லியிருக்கிறேன். சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் ஒன்று. எனக்கு இந்த ஊர் வேலை பிடிக்காது. பிடிக்காது என்பதே மரியாதையான வார்த்தை. குமட்டும். ஒரு வண்டியின் டேஷ்போர்டைக் கழற்றினால் உள்ளே என்ன இருக்கும் என்று நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்காதவரை நிம்மதி. எலிப்புழுக்கை இருக்கும், செத்த கரப்பான் இருக்கும், எவனோ துப்பிய பான்பராக் தெறித்திருக்கும். அதற்கு நடுவில் ஒயர். பல்லால் கடித்து உரித்த ஒயர் சார், பல் தடம் அப்படியே இருக்கும். ஒருத்தன் வாயில் வைத்ததை நான் கையில் பிடிக்க வேண்டும். மேலே சுற்றிய டேப் வெயிலில் உருகி, கறுப்புப் பசையாக வழிந்து, விரலில் ஒட்டினால் மூன்று நாள் போகாது. சோற்றைப் பிசைந்தால் சோற்றில் அந்த வாடை. ஃபியூஸ் போய்விட்டால் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித் தாளைச் சுருட்டிச் செருகிவிடுவான். கேட்டால் "ஓடுதுல்லா அண்ணாச்சி" என்பான். ஓடுகிறதாம்.

நான் இருபத்தோரு வருஷம் ஷார்ஜாவில் இருந்தேன். இதே வேலை. வண்டிகளுக்கு ரேடியோ மாட்டுவது. அங்கே கம்பெனி கொடுத்த ஒயரில் கத்தரி வைக்கவே கூடாது. ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனிக் கப்ளர் உண்டு. டக்கென்று செருகினால் முடிந்தது. நாளைக்கு வேண்டாம் என்றால் கழற்றிவிட்டு வண்டியைப் பிறந்த மேனிக்குத் திருப்பிக் கொடுக்கலாம். இம்தியாஸ் பாய் என்று ஒரு சூப்பர்வைசர். டார்ச் அடித்துப் பார்ப்பார். ஒயர் ஒன்று தொங்கினால்கூட, ஒன்றும் பேசாமல் டேஷ்போர்டை மறுபடி கழற்றி வைத்துவிட்டுப் போய்விடுவார். அப்படிப் பழகிய கை இது.

உங்கள் பேட்டரி ஏன் இறங்கியது தெரியுமா? ரேடியோவுக்குப் பின்னால் இரண்டு பவர் ஒயர் வரும். மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று. மஞ்சள் எப்போதும் பேட்டரியோடு இருக்கும், மணியும் ஸ்டேஷனும் மறந்துவிடாமல் இருக்க. சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் வரும் லைனில் போக வேண்டும். இங்கே என்ன செய்வான் என்றால் இரண்டையும் சேர்த்து முறுக்கி பேட்டரி லைனில் கொடுத்துவிடுவான். அதற்கு 'டைரக்ட்' என்று பெயர். டிரைவர்கள் கேட்டு வாங்கும் வேலை அது. முதலாளி கல்யாண வீட்டுக்குள் போகும்போது சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். டிரைவர் வண்டியில் கிடக்க வேண்டும். அவனுக்குப் பாட்டு வேண்டும். சாவி இல்லாமலே பாட வேண்டும். சரி, பாடட்டும், நடுவில் ஒரு ஃபியூஸாவது வைக்கலாம் இல்லையா? வைக்க மாட்டான். பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயர், தகரத்தை உரசிக்கொண்டு, காவல் இல்லாமல், வருஷக்கணக்கில். உங்கள் வண்டியிலும் டைரக்ட்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கியது இல்லையா? அதுதான்.

நான் அப்படி வேலை செய்தவன் இல்லை. ஷார்ஜா போவதற்கு முன்னால், இருபத்திரண்டு இருபத்திமூன்று வயதில், இதே ஊரில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேசட் பிளேயர் மாட்டிக்கொண்டிருந்தேன். அப்போதே என் கை தனி. டேப் மட்டும் சுற்றினால் சூட்டில் கழன்றுவிடும் என்று எனக்கு நானே ஒரு முறை வைத்திருந்தேன். மூன்று முறுக்கு, பின்பக்கமாக ஒரு மடிப்பு, மேலே தையல் நூல், அதன்மேல் நகப்பாலிஷ். ஆமாம், பெண்கள் போடுகிற நகப்பாலிஷ். எனக்கும் ஆவுடைக்கும் அப்போது பேசி முடித்திருந்தார்கள். அவளுடைய பாட்டில் அது, சிவப்பு நிறம். காய்ந்துவிட்டால் கல் மாதிரி இருக்கும். ஸ்டாண்டே சிரித்தது. "பொம்பளப்பிள்ள விரலுக்குப் போடுதத இவன் ஜீப்புக்குப் போடுதாம்லே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். இந்த ஜில்லாவில் வேறு எவனும் அப்படி ஒரு ஜாயிண்ட் போட்டதில்லை.

இப்போது நாயகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோமதிநாயகம் என்று முழுப்பெயர். என்னைவிட ஆறேழு வயது சின்னவன். வேன் ஸ்டாண்டு வாசலில் ஒரு தார்ப்பாயைக் கட்டி, அதற்குக் கீழே ஒரு மேஜை. அவ்வளவுதான் கடை. ஸ்டாண்டில் முப்பது வேன், ஏழெட்டு ஜீப். எல்லாவற்றுக்கும் அவன்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் ஊர் திரும்பி இந்தக் கடையைத் திறந்த அன்றைக்கு, முதல் ஆளாக ஒரு எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றான். "அண்ணாச்சி வந்தது நமக்கெல்லாம் பெருமைல்லா. எனக்குத் தெரியாதத உங்கட்ட கேட்டுக்கிடுவேன்" என்றான். நகக்கண் எல்லாம் கறுப்பு. அந்தக் கையால் கொடுத்த பழத்தை நான் வாங்கி மேஜை ஓரத்தில் வைத்தேன். பிறகு ஆவுடை எடுத்துப் போய்க் கழுவினாள்.

கேட்டுக்கிடுவேன் என்றானே தவிர, ஒன்றும் கேட்கவில்லை. தன் பாட்டுக்கு முறுக்கினான், தன் பாட்டுக்கு டேப் சுற்றினான். அவன் வேலை பார்த்த வண்டி என் கடைக்கு வந்தால் நான் ஸ்டாண்டு டிரைவர்களைக் கூப்பிட்டு நிறுத்திக் காட்டுவேன். பாருங்கள், இது வேலையா, சேமியாவா? அவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு மறுநாள் அவனிடமே போவார்கள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. நான் ஒரு ரேடியோ மாட்ட அரை நாள் எடுத்துக்கொள்வேன். அவன் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடித்துவிடுவான். அதனால் இருக்கலாம். நான் பேசுகிற விதமும் பிடிக்கவில்லை என்று ஆவுடை சொல்வாள். அவள் சொல்வாள்.

போன வருஷம் ஆடி மாசம். சவரிமுத்து என்று ஒரு டிரைவர். பூ மார்க்கெட்டுக்கு லோடு அடிக்கிறவர். பழைய டீசல் ஜீப், பச்சைப் பெயிண்ட், சொந்த வண்டி. அதில்தான் அவர் குடும்பம் ஓடுகிறது. பகல் பதினொரு மணி இருக்கும். மல்லிகைக் கூடையை இறக்கிக்கொண்டிருக்கிறார். வண்டி ஆஃப், சாவி சட்டைப் பையில், ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று பாட்டு நின்றது. எட்டிப் பார்த்தால் டேஷ்போர்டுக்குக் கீழேயிருந்து புகை. அடுத்த நிமிஷம் நெருப்பு. நல்ல மனுஷன், பானெட்டைத் தூக்கி, பேட்டரி ஒயரைக் கையாலேயே பிடித்து இழுத்திருக்கிறார். அது பழுக்கக் காய்ந்து கிடந்திருக்கிறது. உள்ளங்கைத் தோல் அந்த ஒயரோடு போய்விட்டது. வலது கை. கியர் போடுகிற கை இல்லை என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். ஸ்டியரிங் பிடிக்கிற கை சார் அது. இன்றைக்கும் முழுசாக மடங்காது.

மறுநாள் ஸ்டாண்டில் டிரைவர்கள் சங்கம் கூடியது. தலைவர் சுடலைமணி எனக்கு ஆள் அனுப்பினார். "அண்ணாச்சி, நீங்க ஃபாரின்ல பாத்தவரு. நீங்க பாத்து ஒரு வார்த்த சொல்லுங்க. நாங்க அத வச்சு முடிவு பண்ணிக்கிடுதோம்" என்றார். எனக்காக ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். ஊர் திரும்பிய பிறகு அதுதான் முதல் தடவை.

ஜீப்பை எட்டிப் பார்த்தேன். எரிந்த நாற்றம், உருகிய ரப்பர், கூடைகூடையாகக் கருகின மல்லிகை. அந்த இரண்டு வாடையும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது, இன்னும் மூக்கில் இருக்கிறது. ரேடியோவை வெளியே இழுத்தேன். பின்னால் நாயகத்தின் டேப், பார்த்ததும் தெரிந்தது. மஞ்சளும் சிவப்பும் ஒன்றாக முறுக்கி டைரக்ட். ரேடியோவின் முதுகில் ஒரு பத்து ஆம்பியர் ஃபியூஸ். அது போகவில்லை. முழுசாக இருந்தது.

இந்த இடத்தைக் கவனியுங்கள் சார். ஃபியூஸ் முழுசாக இருந்தால் என்ன அர்த்தம்? கோளாறு ரேடியோவில் இல்லை, ரேடியோவுக்கு வருகிற வழியில், ஃபியூஸுக்கு முன்னால், பேட்டரிப் பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். ஷார்ஜாவில் முதல் மாசமே எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது. அப்படியிருந்தும் நான் அந்த ஃபியூஸைக் கையில் தூக்கிப் பிடித்து எல்லாரையும் பார்த்துச் சொன்னேன். "பாருங்கய்யா, போகவேண்டிய ஃபியூஸ்கூடப் போகாத லட்சணத்துல ஒரு வேலை. இது நாயகத்தோட கை. நான் சத்தியமே பண்ணுவேன்."

நாயகம் ஓரமாக நின்றிருந்தான். "அண்ணாச்சி, நான் ரேடியோவ மட்டுந்தான மாத்துனேன். உள்ள வந்த லைனு பழசு. அதுல நான் கைய வைக்கவே இல்ல" என்றான்.

"கைய வைக்காம ரேடியோ எப்படிவே பாடுச்சு? மந்திரம் போட்டியா?" என்று கேட்டேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்குத்தான் அவர்கள் என்னோடு சேர்ந்து சிரித்தார்கள், என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி ஸ்டாண்டு வண்டி எதுவும் நாயகத்திடம் போகக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டு போகச் சொன்னார்கள். அவன் அவிழ்த்தான். ஒரு முடிச்சு இறுகிக்கொண்டு வரவில்லை. அறுக்கவும் மனசில்லாமல் உட்கார்ந்து அவிழ்த்துக்கொண்டிருந்தான். பார்க்கவே அருவருப்பாக இருந்தது எனக்கு. ஒரு மனுஷன் கோபப்பட வேண்டாமா? திருப்பி நாலு வார்த்தை கேட்க வேண்டாமா?

டீ ஆறுகிறது, குடியுங்கள்.

சவரிமுத்துவின் ஜீப்பை நான் எடுத்துக்கொண்டேன். முழு வண்டிக்கும் புது ஒயரிங் போட்டுத் தருகிறேன், அடுத்த முப்பது வருஷத்துக்குத் தொட வேண்டாம் என்று சொன்னேன். ஸ்டாண்டு முழுக்க என் பேச்சுதான். தினமும் ரெண்டு பேர் வந்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "அண்ணாச்சி, எங்க வண்டியையும் ஒருக்கா பாருங்க. நாயகம் என்னத்தப் பண்ணி வச்சிருக்கானோ" என்பார்கள். பார்த்தேன். பார்த்துப் பார்த்துத் திட்டினேன்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ டேஷ்போர்டுத் தகரத்தை முழுசாகக் கழற்றினேன். சாவித் துவாரத்துக்குப் பின்னால், தகரத்தின் விளிம்பு ஒயரை அறுத்துக்கொண்டே இருந்த இடம். அங்கேதான் தீ ஆரம்பித்திருக்கிறது. ரேடியோ இருந்த இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி. நாயகத்தின் டேப் அங்கே வரவே இல்லை. பேட்டரி லைனிலிருந்து கிளை பிரித்து, ஃபியூஸ் இல்லாமல், ரேடியோவுக்கு ஒரு லைன் இழுத்திருந்தார்கள். பழைய லைன். அதை எவனும் மாற்றவே இல்லை. கேசட் பிளேயர் போய் சி.டி. வந்திருக்கிறது, சி.டி. போய் யு.எஸ்.பி. வந்திருக்கிறது. ஒவ்வொருத்தனும் அதன் வாலிலேயே முறுக்கிக்கொண்டு போயிருக்கிறான்.

அந்தக் கிளை பிரிந்த ஜாயிண்ட் பாதி கருகியிருந்தது. மீதிப் பாதியில் நூல் சுற்றியிருந்தது. நான் அதை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து துணியால் துடைத்தேன். மூன்று முறுக்கு, பின்பக்கமாக ஒரு மடிப்பு. நூலுக்கு மேலே சிவப்பாக, கல் மாதிரி.

அப்போதும் என் வாய் எவனையோ திட்டிக்கொண்டுதான் இருந்தது சார். "எந்த நாய் இப்படி ஃபியூஸ் இல்லாம…" என்று பாதி சொல்லியிருந்தேன். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தன், "என்ன அண்ணாச்சி, என்ன அது?" என்று கேட்டான். நான் அதைக் கைக்குள் மூடிக்கொண்டு, "கருமம், எலி கடிச்சிருக்கு" என்றேன்.

அவன் போன பிறகு டேஷ்போர்டின் உள்பக்கத்தை ஸ்குரூ டிரைவரால் சுரண்டினேன். பச்சைக்குக் கீழே வெள்ளை. வெள்ளை ஜீப். அந்த வெள்ளையைப் பார்த்ததும் எல்லாம் வந்துவிட்டது. ராஜபாளையம் ரோட்டில் ரைஸ் மில் வைத்திருந்தவரின் வெள்ளை ஜீப். இசக்கி என்று ஒரு டிரைவர். "ஏ மாப்ள, மொதலாளி சாவிய மடியில முடிஞ்சுட்டுப் போயிருதாரு. எனக்கு சாவி இல்லாமப் பாடணும். டைரக்டாக் குடுத்துரு. எவன் வந்து பாக்கப் போறான்?" என்று என் முகவாயைப் பிடித்துக் கெஞ்சினான். அன்றைக்குக் கடையில் ஃபியூஸ் கூடு இல்லை. நாளைக்கு வா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நகப்பாலிஷ் மட்டும் மறக்காமல் தடவியிருக்கிறேன். அடுத்த வருஷம் நான் விமானம் ஏறிவிட்டேன்.

ஆனால் ஒன்று யோசியுங்கள். இருபத்தைந்து வருஷம் அந்த ஜாயிண்ட் கழலவில்லை. ஒயர்தான் தகரத்தில் அறுந்திருக்கிறது. ஜாயிண்ட் அப்படியே இருக்கிறது. எத்தனை பேர் கை பட்டிருக்கும், ஒருத்தனாவது உள்ளே எட்டிப் பார்த்திருக்க வேண்டாமா? நாயகம் பார்த்திருக்க வேண்டாமா? பார்த்திருந்தால் அன்றைக்கே மாற்றியிருக்கலாம். அதையும் கணக்கில் எடுக்க வேண்டும் இல்லையா? நீங்கள் படித்தவர், சொல்லுங்கள். சரி, சொல்ல வேண்டாம்.

வீட்டில் ஆவுடையிடம் காட்டினேன். அவள் அதை விளக்கின் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். சிரித்தாள் முதலில். "இது என் பாட்டிலு. திருநெல்வேலில எங்கக்கா வாங்கித் தந்தது. பாதி பாட்டில நீங்கதான் காலி பண்ணுனீங்க" என்றாள். பிறகு அவளுக்கே புரிந்து, சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"நாயகத்துட்டச் சொல்லிட்டீங்களா?"

"என்னத்தச் சொல்ல?"

"சங்கத்துல போய்ச் சொல்லுங்க. நாளைக்கே சொல்லிருங்க."

"சொன்னா என்ன ஆவும் தெரியுமாட்டி? நம்ம கடைக்கு எவன் வருவான்? சவரிமுத்து கைக்கு நான் பதில் சொல்லணும்."

"ஆமா. சொல்லணும்" என்றாள்.

நான் பேச்சை மாற்ற வேண்டும் என்று, "உங்கப்பா ஒண்ணு சொல்லுவாருல்லா, மேல ஏறிப் பாத்தா எவன் கட்டுனான்னு தெரிஞ்சிரும்னு. சரியாத்தான் இருக்கு" என்றேன்.

"முழுசாச் சொல்லுங்க. 'ஆனா மேல ஏறி எவனும் பாக்க மாட்டான், நாமளாத்தான் எறங்கி வந்து சொல்லணும்.' அதுதான் அப்பா சொன்னது. எசக்கு பிசக்காக் கட்டிட்டா, அவரே போய் என்ஜினியர்ட்டச் சொல்லித் திட்டு வாங்கிட்டு வருவாரு" என்றாள்.

அப்படி அவர் சொல்லியிருக்க மாட்டார். எனக்கு நிச்சயமாகத் தெரியும். அது ஆவுடை சேர்த்தது. அப்பா பெயரைச் சொல்லித் தன் கருத்தைச் சொல்வது அவள் வழக்கம்.

அன்றிலிருந்து அவள் என்னிடம் அளந்துதான் பேசுகிறாள். சோறு போடுகிறாள், சட்டை துவைக்கிறாள். கடைப் பக்கம் வருவதில்லை.

ஜீப்பை முடித்துக் கொடுத்தேன். நல்ல ஒயர், ஒவ்வொரு லைனுக்கும் ஃபியூஸ், தகரம் படுகிற இடமெல்லாம் ரப்பர் குழாய். சவரிமுத்து வந்து ஓட்டிப் பார்த்தார். சுருண்ட கையை என் கை மேல் வைத்து, "நீங்க இல்லன்னா இந்த ஊர்ல யாரு அண்ணாச்சி கண்டுபிடிப்பா?" என்றார். அந்தத் தோல் வழவழவென்று, பிளாஸ்டிக் மாதிரி இருந்தது. நான் கையை இழுத்துக்கொண்டேன். அவர் போன பிறகு சோப்புப் போட்டுக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன்.

பத்து நாள் கழித்து நாயகம் வந்தான். இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதே ஸ்டூல். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை, பக்கத்திலேயே நின்றான். கை சுத்தமாக இருந்தது. நகக்கண்ணில் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. வேலை இல்லாத கை எப்படி வெளுத்துப் போகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அண்ணாச்சி, உங்க மேல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல" என்று ஆரம்பித்தான். வருத்தம் இல்லையாம்.

"நீங்க சொன்னப்போ எனக்குக் கோவம் வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். நான் தொடலயேன்னு நெனச்சேன். அப்புறம் ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாத்தேன். நீங்க சும்மா சொல்ல மாட்டீங்களே. ஒருவேள நான்தான் ரேடியோவ உள்ள தள்ளும்போது ஒயர நெருக்கிட்டேனோ என்னமோ. அந்த மனுசன் கையப் பாக்கும்போதெல்லாம் எனக்கு…" என்று நிறுத்தினான். பிறகு, "அந்த எரிஞ்ச ஜாயிண்ட வச்சிருக்கீங்களா அண்ணாச்சி? ஒருக்கா காட்டுங்க. எங்க தப்பு பண்ணுனேன்னு பாத்துக்கிடுதேன். மறுக்கா அப்படிச் செய்யக் கூடாதுல்லா" என்றான்.

அது இந்த மேஜை டிராயரில், இருமல் மாத்திரை டப்பாவில் இருந்தது. அவன் முழங்காலுக்கும் அதற்கும் ஒரு சாண் தூரம்.

"அன்னைக்கே குப்பையில போட்டுட்டேன்" என்றேன்.

"சரி அண்ணாச்சி" என்றான். "அப்ப நீங்களே சொல்லுங்க, எப்படி இருந்துச்சு?"

"மோசமா இருந்துச்சு" என்றேன்.

தலையாட்டினான். ஒரு குழந்தை மாதிரி தலையாட்டினான். எனக்கு அவன் மேல் வந்த அருவருப்பு இருக்கிறதே, இவ்வளவு பெரிய ஆள், இப்படியா குனிந்துகொண்டு நிற்பது, ஒரு தரம் நிமிர்ந்து "நான் இல்லவே, வேற எவனோ" என்று சொல்லக் கூடாதா? சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவன் சொல்லவில்லை. நான் எப்படிச் சொல்வது?

வாசல் வரைக்கும் போனவன் திரும்பி வந்து, "சங்கத்துல நீங்க ஒரு வார்த்த சொன்னா விட்டுருவாங்க அண்ணாச்சி. இப்ப வீட்டுலயே கட போட்டுருக்கேன். யாரும் வாரதில்ல" என்றான். பார்க்கலாம் என்றேன்.

அது நடந்து எட்டு மாசம் ஆகிறது. சங்கம் மாசம் ஒரு தடவை கூடுகிறது. எனக்கு இன்னும் நாற்காலி போடுகிறார்கள்.

உங்கள் பேட்டரி ஏறிவிட்டது போலிருக்கிறது, பச்சை விளக்கு எரிகிறது. பழைய ரேடியோவின் டைரக்ட் லைனை நான் பேட்டரியிலிருந்து கழற்றிவிட்டேன், பயம் இல்லை. பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ரயில்வே கேட்டைத் தாண்டினால் இடது பக்கம் மாவு மில் வரும், அதை ஒட்டின சந்தில் மூன்றாவது வீடு. வாசலில் தார்ப்பாய் கட்டியிருக்கும். கோமதிநாயகம் என்று கேளுங்கள். கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள், டேப்பைத்தான் சுற்றுவான். நான் அனுப்பினேன் என்று சொல்ல வேண்டாம். வருகிறவர்களை எல்லாம் அங்கேதான் அனுப்புகிறேன், இதுவரைக்கும் பதினாலு பேர். வெளியூர்க்காரர்கள் மட்டும். நீங்களும் வெளியூர், அதனால்தான் இவ்வளவும் சொன்னேன்.

வெளியே போகும்போது போர்டைப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக ஒரு திட்டு இருக்கும். அந்த இடத்தில் 'ரேடியோ' என்று எழுதியிருந்தது. நானே ஏணி போட்டு ஏறி பெயிண்ட் அடித்தேன்.

இனிமேல் ரேடியோ மாட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். சங்கத்தில் சொல்வதில்லை என்றும் முடிவு செய்தேன்.